மாதவிடாய் நிற்கும் வயதில் ஹார்மோன் சிகிச்சை: தொடங்கும் வரிசையும் டெஸ்டோஸ்டிரோனுக்கு அதில் உள்ள இடமும்

ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா என்று என்னிடம் கேட்கும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது, அந்தக் கேள்வியை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோகாதீர்கள் என்பதுதான். எந்தத் தொல்லைக்காக, எந்த ஹார்மோனை, எந்த வழியாக, எவ்வளவு காலத்துக்கு என்று பிரித்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். இந்த வயதில் குறைந்துபோகும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை விழுங்கும் மாத்திரையும், அதையே தோலில் தடவும் ஜெல்லும் ஒரே அளவு அபாயம் உள்ளவை அல்ல. கருப்பை உள்ளவருக்குத் தேவைப்படும் இரண்டாவது மருந்து, கருப்பை எடுக்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆண் ஹார்மோன் என்று பெயர் வாங்கிய, இப்போது எல்லோரும் பேசுகிற டெஸ்டோஸ்டிரோனோ, இந்த வரிசையில் கடைசியாக, ஒரே ஒரு காரணத்துக்காக மட்டும் வரவேண்டியது. இந்த வரிசை தெரியாததால் நான் எட்டு மாதங்களை இழந்தேன். 48 வயதில் முதன்முறையாக மருத்துவரைப் பார்க்கப் போனபோது "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொன்னேன். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரவில் எதனால் விழித்துக்கொள்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை, வியர்வையில் நனைந்த உடையை மாற்றிக்கொண்டு மறுபடி படுக்கிறேன் என்று நானும் சொல்லவில்லை.

போவதற்கு முன் இரண்டு வாரக் குறிப்பு

ஆகவே மருத்துவரிடம் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு எழுதுங்கள். பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போட்டுக்கொண்டால் போதும். முதல் பத்தியில், பகலிலும் இரவிலும் எத்தனை முறை உடம்பு திடீரென்று கொதித்துக் குப்பென வியர்த்தது என்பதை ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடாகப் போடுங்கள் (இந்தத் திடீர் உடல்சூட்டையே இனி கொதிப்பு என்கிறேன்). இரண்டாவதில் எத்தனை முறை தூக்கம் கலைந்தது என்றும், மூன்றாவதில் ரத்தப்போக்கு இருந்தால் அதன் அளவையும், நான்காவதில் மற்றவற்றையும் எழுதுங்கள். மூட்டு வலி, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், மறதி, பிறப்புறுப்பில் வறட்சி, உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகிய எல்லாம் அந்த நான்காவது பத்தியைச் சேர்ந்தவை. கடைசி மூன்றையும் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், குறிப்பேட்டை மருத்துவர் முன் திறந்து வைத்துவிடுங்கள். எழுத்தில் இருப்பதை அவர் கேட்காமல் விட முடியாது.

கடைசி மாதவிடாய் வந்து 12 மாதங்கள் முழுமையாகக் கடந்த பிறகே அது நின்றுவிட்டதாகக் கணக்கு. பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்கிறது. ஆனால் தொல்லைகள் அந்த நாளுக்காகக் காத்திருப்பதில்லை. சுழற்சி முன்பின்னாகத் தொடங்கும் ஆண்டுகளிலேயே வந்துவிடுகின்றன, சிகிச்சையையும் அப்போதே தொடங்கலாம். 45 வயதைக் கடந்தவருக்கு, சுழற்சி மாறி இந்த அறிகுறிகளும் இருந்தால், ஹார்மோன் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. இந்தக் காலத்தில் அந்த அளவுகள் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால், ஒரு நாள் எடுத்த ரத்தத்தில் எல்லாம் சரியாக இருப்பதாக வரும் முடிவைக் காட்டி "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது சரியல்ல. அதைவிட, இதே போன்ற களைப்பையும் படபடப்பையும் உண்டாக்கும் தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது பயன் தரும். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவரின் நிலை வேறு. அவருக்குப் பரிசோதனைகள் அவசியம். எலும்பையும் இதயத்தையும் காக்க, வேறு தடை இல்லாவிட்டால், மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயது வரையிலாவது, அதாவது ஏறத்தாழ 51 வரை, ஹார்மோன் கொடுப்பதே மருத்துவ வழிகாட்டுதல்களின் பரிந்துரை.

2002இல் பிறந்த பயம்

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பயத்தைப் பற்றிப் பேசிவிடவேண்டும், ஏனென்றால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண்களை இந்தச் சிகிச்சையிலிருந்து விலக்கி வைத்தது அதுதான். 2002 ஜூலையில், அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய ஹார்மோன் மாத்திரை ஆய்வு, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்ற காரணத்தால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. செய்தி உலகெங்கும் பரவியது. பல இலட்சம் பெண்கள் மாத்திரையை விட்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் கண்ட கூடுதல் எவ்வளவு என்பதைச் செய்தி கேட்டவர்களில் பலர் அறியவில்லை. ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வரும் மார்பகப் புற்றுநோய், மருந்து எடுத்தவர்களிடம் 38 ஆக இருந்தது. பக்கவாதமும் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும் இதே கணக்கில் எட்டெட்டு கூடின. இடுப்பெலும்பு முறிவு ஐந்தும் பெருங்குடல் புற்றுநோய் ஆறும் குறைந்தன.

இன்னும் முக்கியமானது, அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்து, கர்ப்பமுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனையும் கருப்பையைக் காக்கச் சேர்க்கும் புரோஜெஸ்டோஜன் வகைச் செயற்கை ஹார்மோன் ஒன்றையும் மாத்திரையாக விழுங்கியவர்கள் அவர்கள். 50 வயதில், கொதிப்பும் வியர்வையும் தாங்க முடியாமல், தோல் வழியாக மருந்து எடுக்கும் பெண்ணுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. அதே ஆய்வுத் திட்டத்தின் இன்னொரு பிரிவில், கருப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இவற்றையெல்லாம் மறுபடி அலசிய பிறகு இன்று பெரும்பாலான மருத்துவச் சங்கங்கள் ஒத்துக்கொள்ளும் அளவுகோல் இது: 60 வயதுக்குக் கீழே, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள், தொல்லை உள்ள, வேறு தடை இல்லாத பெண்ணுக்கு நன்மையே மிகுதி.

அபாயமே இல்லை என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். 2019இல் உலகெங்கும் உள்ள ஆய்வுகளைத் தொகுத்து வெளிவந்த கணக்கின்படி, 50 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டோஜனையும் இடைவெளியின்றி எடுக்கும் பெண்களில், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஐம்பது பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரலாம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுப்பவர்களிடம் அது இருநூறு பேருக்கு ஒருவர். 2002 ஆய்வோடு இது முழுக்க ஒத்துப்போகவில்லை. ஆனாலும் இரண்டு மருந்தும் சேரும்போதும், காலம் நீளும்போதும் அபாயம் ஏறுகிறது என்ற திசை தெளிவாக இருக்கிறது. இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு, உங்கள் இரவுகளின் நிலையோடு வைத்துப் பார்த்து முடிவெடுப்பது உங்கள் உரிமை.

ஈஸ்ட்ரோஜன்: எந்த வழி, எவ்வளவு

மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில் உள்ள சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. அது குறையும்போது அந்த அணுக்கள் மிகையாகத் தூண்டப்பட்டு, சிறிதளவு வெப்பம் ஏறினாலும் உடல் பெருஞ்சூட்டில் இருப்பதாக எண்ணி ரத்தநாளங்களை விரித்து வியர்வையைக் கொட்டுகிறது. காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவு என்பதால் மருந்தும் அதுவே. வாய்வழி ஹார்மோன் சிகிச்சையில் கொதிப்பின் எண்ணிக்கை சராசரியாக முக்கால் பங்கு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்கு இணையான வேறு மருந்து இதுவரை வரவில்லை. எலும்பு தேய்வதையும் இது தடுக்கிறது.

வழியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் பிடிவாதமாக இருக்கச் சொல்வேன். விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறைவதற்கான புரதங்கள் கூடுகின்றன. தோல் வழியாகப் போகும் மருந்து நேரே ரத்தத்தில் கலப்பதால், வழக்கமான அளவுகளில் அது ரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டுவதாக அவதானிப்பு ஆய்வுகளில் தெரியவில்லை. உடல் எடை கூடியவர், புகைபிடிப்பவர், ரத்தக்கொதிப்பு உள்ளவர், ஒற்றைத் தலைவலி உள்ளவர் ஆகியோருக்குப் தோலில் ஒட்டும் பேட்சோ தடவும் ஜெல்லோ தான் பொருத்தம். மாத்திரை கெட்டதென்று சொல்லவில்லை. உடல்நலம் நன்றாக உள்ள, தோலில் எதுவும் ஒட்டினால் அரிக்கும் பெண்ணுக்கு அது நல்ல வழியே. ஆனால் எது கையில் இருக்கிறதோ அதை எழுதித் தருவதற்கும், உங்களுக்கு எது ஏற்றது என்று பார்த்து எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. கேட்டால்தான் இரண்டாவது நடக்கும்.

ஈஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ராடியால் உள்ள பேட்ச்கள் பொதுவாக ஒரு நாளைக்கு 25, 37.5, 50, 75, 100 மைக்ரோகிராம் வெளியிடும் அளவுகளில் கிடைக்கின்றன; தயாரிப்பைப் பொறுத்து வாரம் இருமுறையோ ஒருமுறையோ மாற்றவேண்டும். இடுப்புக்குக் கீழே, பிட்டத்திலோ அடிவயிற்றிலோ ஒட்டுங்கள். மார்பகத்தில் ஒருபோதும் ஒட்டாதீர்கள். குளித்துத் துடைத்த தோலில், எண்ணெயோ கிரீமோ பூசாத இடத்தில், உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் ஓரம் எழும்பாது. அடுத்த பேட்சுக்கு வேறு இடம். அதே இடத்துக்குத் திரும்ப ஒரு வாரமாவது ஆகட்டும். பழைய பசை கறுப்பாக வட்டம் கட்டிக்கொண்டால் சோப்பு போட்டுத் தேய்க்காமல், பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். பசையே ஒத்துக்கொள்ளாதவருக்கு ஜெல் உண்டு. அதைக் கையின் வெளிப்புறத்திலோ தொடையிலோ மெல்லிய படலமாகத் தடவி, தேய்க்காமல் காயவிட்டு, அதன் மேல் உடை அணியவேண்டும். தடவிய ஒரு மணி நேரத்துக்கு அந்த இடத்தைக் கழுவக்கூடாது, குழந்தையின் தோல் அதில் படக்கூடாது.

குறைந்த அளவில் தொடங்கி, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பார்த்து, குறிப்பேட்டில் கோடுகள் குறையாவிட்டால் அளவைக் கூட்டுவதே வழக்கம். இரண்டாவது வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். எனக்கு நான்காவது வாரத்தில்தான் இரவு முழுக்க உடை நனையாத முதல் நாள் வந்தது. அன்றைய பக்கத்தில் முதல் பத்தி வெறுமையாக இருந்ததை நான் இப்போதும் வைத்திருக்கிறேன்.

கருப்பை இருந்தால் இரண்டாவது மருந்து கட்டாயம்

ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போய், சிலருக்குப் புற்றுநோயாக மாறும். அதைத் தடுப்பதற்காகவே புரோஜெஸ்டோஜன் சேர்க்கப்படுகிறது. இதில் சலுகைக்கே இடமில்லை. "அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பேட்ச் மட்டும் போதும்" என்று தானாக முடிவெடுப்பது இந்தச் சிகிச்சையில் செய்யக்கூடிய மிக ஆபத்தான தவறு. ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றுங்கள், விடாதீர்கள்.

புரோஜெஸ்டோஜன்களில் ஒன்றான, நுண்துகளாக்கிய இயற்கைப் புரோஜெஸ்டிரோனை, மாதவிடாய் முழுக்க நின்றவர்கள் வழக்கமாக தினமும் இரவு 100 மில்லிகிராம் எடுக்கிறார்கள். இன்னும் நிற்காதவர்கள் மாதத்தில் 12 முதல் 14 நாள் 200 மில்லிகிராம் எடுத்து, பிறகு ரத்தப்போக்கை எதிர்பார்க்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் அளவு உயர்ந்தால் இதையும் உயர்த்தவேண்டியிருக்கும். இது தூக்கக் கலக்கத்தை உண்டாக்கும் என்பதால் படுக்கும்போது எடுக்கவேண்டும். தூக்கம் கெட்டுப்போன பெண்ணுக்கு அது ஒரு விதத்தில் உதவியாகவும் அமைகிறது. சில தயாரிப்புகளில் நிலக்கடலை எண்ணெய் இருப்பதால் ஒவ்வாமை உள்ளவர்கள் பெட்டியைப் படிக்கவேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற புரோஜெஸ்டோஜன் 52 மில்லிகிராம் கொண்ட கருப்பைச் சாதனம் பொருத்தியிருந்தால், அதுவே ஐந்து ஆண்டுகள் வரை உட்சுவரைக் காக்கும். கருத்தடையும் அதிலேயே அடங்கும். கருத்தடையைச் சொல்லக் காரணம் உண்டு. பேட்சும் ஜெல்லும் கருத்தரிப்பதைத் தடுப்பதில்லை. கடைசி மாதவிடாய் 50 வயதுக்குப் பிறகு வந்திருந்தால் ஓராண்டும், 50க்கு முன் வந்திருந்தால் இரண்டாண்டும் கருத்தடை தொடரவேண்டும்.

முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் விட்டுவிட்டு ரத்தம் படுவது வழக்கமானதுதான். ஆறு மாதத்துக்குப் பிறகும் படுமானால், அல்லது நின்றுபோன ரத்தம் மறுபடி வருமானால், ஸ்கேன் செய்து உட்சுவரின் தடிமனைப் பார்க்கவேண்டும். சிகிச்சை எதுவும் எடுக்காமல், மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

யார் எடுக்கக்கூடாது

மார்பகப் புற்றுநோய் வந்தவர், காரணம் கண்டறியப்படாத ரத்தப்போக்கு உள்ளவர், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ரத்தக்கட்டிக்குச் சிகிச்சையில் இருப்பவர், தீவிரக் கல்லீரல் நோய் உள்ளவர் ஆகியோருக்கு உடல் முழுதும் பரவும் ஹார்மோன் பொதுவாக ஆகாது. அவர்களுக்கும் வழி இருக்கிறது. மனநலத்துக்குத் தரப்படும் சில மருந்துகள், குறிப்பாக வென்லாஃபாக்சின், குறைந்த அளவில் கொதிப்பைத் தணிக்கின்றன. கபாபென்டின் இரவு வியர்வைக்கு உதவுகிறது. முன்பு சொன்ன நரம்பணுக்களின் தூண்டுதலையே தடுக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற ஹார்மோன் அல்லாத மாத்திரை 2023இல் அனுமதி பெற்றது. அதை எடுப்பவர் கல்லீரல் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளவேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபன் எடுப்பவர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: கொதிப்புக்குத் தரப்படும் பராக்செடின், தமாக்சிஃபனின் வேலையைக் குறைத்துவிடும்.

பிறப்புறுப்பு வறட்சிக்குத் தனி மருந்து

கொதிப்பு சில ஆண்டுகளில் தணியலாம். வறட்சி தானாகத் தணிவதில்லை, ஆண்டு செல்லச் செல்லக் கூடுகிறது. உட்கார்ந்தால் எரிச்சல், உறவில் வலி, திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று என்று அது வேறு வேறு முகத்தில் வருவதால் பலர் இதை மாதவிடாயோடு தொடர்புபடுத்துவதே இல்லை. இதற்கு 10 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியால் கொண்ட சிறு மாத்திரையை, முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை, பிறப்புறுப்பினுள் வைக்கவேண்டும். கிரீமும் வளையமும் உண்டு. ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம் என்பதால் இந்தக் குறைந்த அளவுக்குப் புரோஜெஸ்டோஜன் சேர்க்கத் தேவையில்லை. மருந்துப் பெட்டியில் உள்ள தாளைப் படித்துவிட்டு அதைத் தொடாமலே அலமாரியில் வைத்துவிடுபவர்களை நான் அறிவேன். உடல் முழுதும் பரவும் மருந்துக்கு எழுதப்பட்ட எச்சரிக்கையையே இதற்கும் அச்சிட்டு வந்ததால் நேர்ந்த விளைவு அது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் கட்டமிட்ட எச்சரிக்கைகளை நீக்கும் முடிவை 2025 நவம்பரில் அறிவித்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர் மட்டும் இதையும் தம் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்கவேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன்: எப்போது, எப்படி

டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பது தவறு. பெண்ணின் சினைப்பைகளும் சிறுநீரகங்களுக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளும் வாழ்நாள் முழுதும் அதைச் சுரக்கின்றன. ஆனால் ஈஸ்ட்ரோஜனைப் போல அது மாதவிடாய் நிற்கும் நேரத்தில் சரேலென விழுவதில்லை. இருபதுகளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்து, நாற்பதுகளின் முடிவில் ஏறத்தாழ பாதிக்கு இறங்கியிருக்கும். சினைப்பைகள் இரண்டையும் அறுவையில் எடுத்தவருக்கு மட்டுமே அது ஒரே நாளில் சரிகிறது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், "மெனோபாஸ் வந்துவிட்டது, டெஸ்டோஸ்டிரோன் போய்விட்டது" என்ற விளம்பரப் பேச்சின் வலு குறைந்துவிடும்.

2019இல் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட கருத்தொருமை அறிக்கை, பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கச் சான்று உள்ள காரணம் ஒன்றே என்று கூறியது: மாதவிடாய் நின்ற பெண்ணுக்குப் பாலுறவு நாட்டம் குறைந்து, அந்தக் குறைவு அவரையே வருத்தும் நிலை. வருத்தும் என்ற சொல்லைக் கவனியுங்கள். நாட்டம் குறைந்தும் அதைப் பற்றிக் கவலையில்லாமல் நிம்மதியாக இருக்கும் பெண்ணுக்கு எந்த நோயும் இல்லை. கணவர் வருந்துகிறார் என்பதற்காக மனைவி மருந்து எடுக்கவேண்டியதும் இல்லை. களைப்பு, மறதி, மனச்சோர்வு, எலும்புத் தேய்வு, தசை இழப்பு ஆகியவற்றுக்கு இது உதவும் என்பதற்கு அந்த அறிக்கை சான்று காணவில்லை. அதே ஆண்டு 36 சோதனைகளில் பங்கெடுத்த 8,480 பெண்களின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு, நாட்டமும் கிளர்ச்சியும் உச்ச உணர்வும் கூடி மனவேதனை குறைந்ததைக் காட்டியது. நிறைவளித்த உறவு மாதத்துக்குச் சராசரியாக ஒன்று கூடியது. அந்த ஒன்றைச் சிறிதென்று நான் சொல்லமாட்டேன், பல மாதங்களாக ஒன்றுமே இல்லாதிருந்தவருக்கு அதன் பொருள் வேறு. ஆனால் இருபது வயது திரும்பிவிடும் என்று எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார்.

எனவே இந்த மருந்துக்கு முன் செய்து முடிக்கவேண்டியவை சில உண்டு. வலிக்கும் இடத்தில் நாட்டம் வராது. முதலில் வறட்சியைச் சரிசெய்யுங்கள். இரவு முழுக்க விழித்திருப்பவருக்கும் வராது. ஈஸ்ட்ரோஜனைச் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் பல நாட்டத்தைக் குறைப்பவை. எதை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். உறவிலே மனத்தாங்கல் இருந்தால் அதற்கு எந்தக் கிரீமும் பயன்படாது. இவற்றோடு, ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்குபவர் அதைப் பேட்சுக்கோ ஜெல்லுக்கோ மாற்றிப் பார்க்கவேண்டும். விழுங்கும் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கல்லீரலில் அதிகமாக உண்டாக்குகிறது. அதனால் உடலில் ஏற்கெனவே உள்ள டெஸ்டோஸ்டிரோன் கூட வேலை செய்ய முடியாமல் போகிறது. வழியை மாற்றியதுமே சிலருக்குப் போதுமானது கிடைத்துவிடுகிறது.

இத்தனைக்கும் பிறகும் தேவை என்றால், தொடங்குவதற்கு முன் ரத்தத்தில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்க்கவேண்டும். இது குறைபாட்டைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல. எந்த எண்ணுக்குக் கீழே போனால் நாட்டம் குறையும் என்று ஒரு வரம்பே கிடையாது. ஏற்கெனவே அளவு மேல்நிலையில் இருப்பவருக்குக் கொடுத்துவிடாமல் இருக்கவும், பிறகு ஒப்பிடவும்தான் இந்தப் பரிசோதனை. முகப்பருவோ ஆண்களைப் போன்ற முடி உதிர்வோ உள்ளவர் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். போட்டிகளில் பங்கெடுக்கும் விளையாட்டு வீராங்கனைகளுக்கு இது தடைசெய்யப்பட்ட பொருள்.

மருந்து கிடைப்பதில்தான் சிக்கல். பெண்களுக்கென்று ஒரு நாளைக்கு 300 மைக்ரோகிராம் வெளியிடும் பேட்ச் 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்று, 2012இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஆஸ்திரேலியா 2020இல் பெண்களுக்கான 1 சதவீதக் கிரீமுக்கு அனுமதி தந்தது. அமெரிக்காவில் பெண்களுக்கென அனுமதி பெற்ற டெஸ்டோஸ்டிரோன் மருந்து இல்லை. இப்படி இல்லாத நாடுகளில் மருத்துவர்கள் ஆண்களுக்கான ஜெல்லையே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைத்து எழுதுகிறார்கள். கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். 1 சதவீத ஜெல் 5 கிராம் கொண்ட ஒரு பொட்டலத்தில் 50 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் இருக்கும். பெண்ணுக்கு வழக்கமாகத் தொடங்கும் அளவு நாளைக்கு 5 மில்லிகிராம். ஆக ஒரு பொட்டலம் பத்து நாளுக்கு வரவேண்டும். "பட்டாணி அளவு" என்று கண்ணால் மதிப்பிடாதீர்கள், ஒருவர் கண்ணில் பட்டாணி இன்னொருவருக்குக் கொண்டைக்கடலை. ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் ஜெல்லை உறிஞ்சி, 0.5 கோட்டில் நிறுத்தி அழுத்தினால் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு கிடைக்கும். 2 சதவீதம் என்று வேறு செறிவுகளும் உள்ளதால், மருந்தின் பெயர் மாறும் ஒவ்வொரு முறையும் கணக்கை மருத்துவரிடம் மறுபடி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தொடையின் வெளிப்புறத்திலோ பிட்டத்திலோ தடவி, காயவிட்டு, கையை உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். தடவிய இடத்தில் குழந்தைகளின் தோல் படுவதால் அவர்களுக்கு ஹார்மோன் ஏறி, வயதுக்கு மீறிய மாற்றங்கள் வந்த நிகழ்வுகள் உண்டு. அந்த இடம் எப்போதும் உடைக்குள் இருக்கட்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து தடவினால் அங்கே முடி அடர்ந்துவிடும், ஆகவே இடத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள்.

மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் ரத்தத்தை மறுபடி பார்க்கவேண்டும். மாதவிடாய் நிற்காத பெண்களின் இயல்பு எல்லைக்குள் அளவு இருக்கவேண்டும், அதற்கு மேலே போகக்கூடாது. கையில் தடவியிருந்தால் அந்தக் கையில் ரத்தம் எடுக்கவேண்டாம், தோலிலுள்ள மருந்து கலந்து பொய்யான எண் வரும். பலன் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில் தெரியத் தொடங்கும். ஆறு மாதம் ஆகியும் ஒன்றும் தெரியாவிட்டால் அளவைக் கூட்டாமல் நிறுத்திவிடவேண்டும். இந்த வரியை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலனில்லாதபோது "கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம்" என்பதிலிருந்தே பெரும்பாலான கேடுகள் தொடங்குகின்றன. இயல்பு எல்லைக்குள் இருக்கும்போது பருவும் மேலுதட்டு முடியும் சற்றுக் கூடலாம். அளவை மீறினால் குரல் தடித்துப்போகும், பிறப்புறுப்பின் மேல்முனையிலுள்ள சிறு உணர்ச்சி உறுப்பு (கிளிட்டோரிஸ்) பெரிதாகும், தலைமுடி உச்சியில் மெலியும். தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் திரும்பாமல் போகலாம். குரல் கரகரப்பாக மாறுவதாகத் தோன்றினால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே நிறுத்துங்கள்.

ஊசியையும், தோலுக்கடியில் புதைக்கும் குளிகைகளையும், வாய்வழி மாத்திரையையும் 2019 அறிக்கை பெண்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. முதல் இரண்டும் அளவை எல்லைக்கு மேலே தூக்கிவிடுகின்றன. புதைத்த குளிகையைத் தொல்லை வந்தபின் எடுக்கவும் முடியாது. மாத்திரை நல்ல கொழுப்பைக் குறைத்துக் கெட்ட கொழுப்பைக் கூட்டுகிறது. மருந்தகத்தில் தனியாகக் கலந்து தரும் கிரீம்களில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு உறுதி கிடையாது. தோல் வழியாக, சரியான அளவில் எடுத்தாலும், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட முறையான சோதனைகள் நடக்கவில்லை என்பதையும் அறிந்தே தொடருங்கள்.

தொடர்வதும் குறைப்பதும்

தொடங்கி மூன்று மாதத்தில் ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவரைப் பார்ப்பது வழக்கம். ரத்த அழுத்தம், எடை, ரத்தப்போக்கின் கணக்கு, வயதுக்கேற்ற மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, இவை போதும். ஈஸ்ட்ரோஜன் பேட்ச் போட்டிருப்பவருக்குத் தொல்லை தணிந்திருந்தால், பொதுவாக ஈஸ்ட்ரோஜன் அளவை ரத்தத்தில் பார்க்கத் தேவையில்லை.

எத்தனை ஆண்டு எடுக்கலாம் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான தேதி இல்லை. கொதிப்பு சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதாக அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு கண்டிருப்பதால், இரண்டே ஆண்டில் நிறுத்தச் சொல்வது பலருக்குப் பொருந்தாது. குறைத்துப் பார்க்க விரும்பினால் பேட்சின் அளவை ஒரு படி இறக்கி, இரண்டு மூன்று மாதம் அதிலேயே இருந்து, பழைய குறிப்பேட்டை மறுபடி எழுதுங்கள். நான் 54 வயதில் 50 மைக்ரோகிராமிலிருந்து 37.5க்கும், பிறகு 25க்கும் இறங்கினேன். அதையும் விட்ட மூன்றாவது வாரத்தில் ஒரே இரவில் ஐந்து கோடு விழுந்தது, மருத்துவரிடம் பேசி 25க்குத் திரும்பினேன். பேட்சை விடும் அன்று பிறப்புறுப்பு மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடாதீர்கள். அதன் தேவை பேட்சின் தேவையோடு முடிவதில்லை, வாரம் இருமுறை என்ற கணக்கில் அது தொடரட்டும்.